கம்பி வழியே ஒரு கோப்பு

தொலைபேசியில் ஒருவருக்கு வீட்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவே கம்பியில் ‘கரகர’வென்று இரைச்சல். “அறுபதா, எழுபதா?” என்று மறுமுனையிலிருந்து கேள்வி வருகிறது. “எழுபது, எழுபது! ஏழு, பூஜ்யம்!” என்று உரக்கச் சொல்கிறீர்கள். “சரி, எழுபது” என்று அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்களுக்கு நிம்மதி.

மிகச் சாதாரணமான இந்த உரையாடலில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. கேட்டது ஐயத்திற்கு இடமாக இருந்தால் மறுபடி கேட்பது. மறுபடி கேட்டால் சலிக்காமல் மறுபடி சொல்வது. சரியாகக் கேட்டுவிட்டால் ‘கேட்டுவிட்டது’ என்று தெரிவிப்பது. இவற்றை நமக்கு யாரும் பாடம் நடத்திக் கற்றுத் தரவில்லை. ஆனால் கணிப்பொறிக்கு ஒவ்வொன்றையும் கற்றுத் தரவேண்டியிருந்தது. இரண்டு கணிப்பொறிகள் தம்முள் பேசுவதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இத்தகைய விதிகளின் தொகுப்பையே நெறிமுறை என்கிறோம். இணையம் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பு, சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் வழியே கணிப்பொறிகள் பேசிக்கொண்ட காலத்து நெறிமுறைகள் சிலவற்றை இங்கே காண்போம். அவை சிறியவை, ஒரு பிற்பகலில் முழுவதும் புரிந்துகொள்ளத் தக்கவை. பெரிய நெறிமுறைகளின் அடிப்படைகள் பலவும் அவற்றிலேயே இருக்கின்றன.

சீட்டியடிக்கும் பெட்டி

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளை மட்டுமே அது ஒழுங்காகக் கடத்தும். கணிப்பொறியோ 0, 1 என்ற இரண்டே குறிகளில் பேசுவது. ஆகவே 0-க்கு ஒரு சுருதி, 1-க்கு ஒரு சுருதி என்று வைத்துக்கொண்டு, பிட்டுகளை ஒலியாக மாற்றி அனுப்பும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அதுவே மோடம்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த பெல் 103 வகை மோடத்தில், அழைப்பவர் பக்கம் 0-க்கு 1070, 1-க்கு 1270 அதிர்வுகள். பதில் அளிப்பவர் பக்கம் 0-க்கு 2025, 1-க்கு 2225. இருவரும் வெவ்வேறு சுருதிகளில் ‘பாடுவதால்’ ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் இருவரும் பேச முடிந்தது. வேகம் நொடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்கு 8 பிட், அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்ட மேலும் 2 பிட், ஆக 10. அஃதாவது நொடிக்கு 30 எழுத்துக்கள். நிதானமாகப் படிப்பவர் கண்ணுக்கு இந்த வேகம் ஏறக்குறைய ஒத்துப்போகும்!

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி தன் கம்பியில் பிறர் கருவிகளை நேராக இணைக்க அனுமதிப்பதில்லை. 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது. அதுவரையிலும், அதற்குப் பின்னும் பல ஆண்டுகள், தொலைபேசிக் குழலை இரண்டு ரப்பர்க் குழிகளில் பொருத்தி ஒலி மூலமாகவே செய்தியைச் செலுத்தும் மோடங்கள் வழங்கிவந்தன. அறைக்கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் அந்த ஓசையும் செய்தியோடு உள்ளே போய்விடும்.

தட்டெழுத்துப் பலகையும் திரையும் கொண்ட முனையத்தின் முன்னால் மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கும் வரை இதனால் பெருந்தீங்கு இல்லை. திரையில் நாலைந்து கோணல் எழுத்துக்கள் தோன்றும். கண் அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே படிக்கும். ஒரு கடிதத்தில் ஓர் எழுத்து பிழையானாலும் பொருள் விளங்கும். ஆனால் கணிப்பொறி நிரல் ஒன்றை அனுப்புகிறோம் என்று வையுங்கள். அதில் பல்லாயிரம் பிட்டுகள். ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆக மாறினால் ‘கூட்டு’ என்ற கட்டளை ‘நிறுத்து’ என்று ஆகலாம். அந்த நிரலை ஓட்டினால் பொறி நடுவழியில் நின்றுபோகும். அல்லது, இதைவிட மோசமாக, தவறான விடையைத் தைரியமாகச் சொல்லும். எல்லா எழுத்தும் சரியாக வரவேண்டும். இல்லையேல் வந்ததில் பயனில்லை.

சிகாகோவில் எழுந்த எளிய விடை

வார்ட் கிறிஸ்டென்சன் சிகாகோவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்தவர். ஓய்வு நேரத்தில் சொந்தக் கணிப்பொறியோடு விளையாடுவார். 1977-இல் தம் தேவைக்காக, ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தொலைபேசி வழியே கோப்பு அனுப்பும் நிரல் ஒன்றை எழுதினார். அதில் இருந்த நெறிமுறையே பிற்காலத்தில் எக்ஸ்மோடம் எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு, 1978 பிப்ரவரி 16 அன்று, ரேண்டி சூஸ் என்ற நண்பருடன் சேர்ந்து அவர் கணிப்பொறி அறிவிப்புப் பலகை ஒன்றையும் தொடங்கினார். ஜனவரியில் சிகாகோவைப் புதைத்த பெரும் பனிப்புயலில் வெளியே போக முடியாமல் கிடந்தபோது உருவான யோசனை அது. அந்தப் பலகையை ஒரு நேரத்தில் ஒருவர்தான் அழைக்க முடியும். இருந்தது ஒரே தொலைபேசி!

எக்ஸ்மோடம் செய்வது என்ன? கோப்பை 128 பைட் கொண்ட சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அன்றைய சி.பி.எம். இயக்க முறையில் நெகிழ் தட்டின் ஒரு பகுதிக்கு 128 பைட் என்பது கணக்கு. அந்த அளவே இங்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு துண்டின் முன்னும் மூன்று பைட் சேர்க்கப்படும். முதலாவது, ‘துண்டு தொடங்குகிறது’ என்னும் குறி. இரண்டாவது, துண்டின் வரிசை எண். மூன்றாவது, 255-இலிருந்து அந்த வரிசை எண்ணைக் கழித்தது. துண்டின் எண் 1 என்றால் அடுத்தது 254. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 255 வரவேண்டும். வராவிட்டால் எண்ணே பழுதுபட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் ஒரு பைட் சரிபார்ப்புத் தொகை. ஆக மொத்தம் 132 பைட்.

சரிபார்ப்புத் தொகை என்பது வெறும் கூட்டல்தான். துண்டிலுள்ள 128 எண்களையும் கூட்டி, 256-ஆல் வகுத்து வரும் மீதி. எடுத்துக்காட்டாக 72, 101, 108 என்ற மூன்றே எண்கள் என்று கொள்வோம். கூட்டினால் 281, 256 போக மீதி 25. அனுப்புபவர் இந்த 25-ஐயும் சேர்த்து அனுப்புகிறார். பெறுபவர் தாமே கூட்டிப் பார்க்கிறார். 25 வந்தால் ‘ஏற்றேன்’ என்று ஒரு பைட் திருப்பி அனுப்புவார்; அதன் எண் 6. வராவிட்டால் ‘ஏற்கவில்லை’ என்று ஒரு பைட்; அதன் எண் 21. ‘ஏற்கவில்லை’ வந்தால் அதே துண்டு மறுபடி அனுப்பப்படும். அறுபது, எழுபது உரையாடல் நினைவுக்கு வருகிறதா?

வரிசை எண் எதற்கு என்று கேட்கலாம். களத்துமேட்டில் நெல் அளப்பவர், முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று தொடங்கி ஒவ்வொன்றுக்கும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே அளப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தவறாது. இங்கும் அதுவே. பெறுபவர் ‘ஏற்றேன்’ என்று அனுப்பிய அந்த ஒரு பைட் வழியில் இரைச்சலில் மாண்டுபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். அனுப்புபவர் சற்றுக் காத்திருந்துவிட்டு அதே துண்டை மறுபடி அனுப்புவார். எண் இல்லையென்றால் பெறுபவர் அதைப் புதுத் துண்டென்று எண்ணி இரண்டாம் முறையும் எழுதிவிடுவார், கோப்பு கெட்டது. எண் இருப்பதால், ‘இது முன்பே வந்தது’ என்று தள்ளிவிட்டு, ‘ஏற்றேன்’ என்று மட்டும் மறுபடி சொல்வார். செய்தி தொலைவதைவிட, செய்தி கிடைத்தது என்ற தகவல் தொலைவது எவ்வளவு சிக்கலானது, பாருங்கள்.

இன்னொரு நுட்பம். இந்த உரையாடலைத் தொடங்கி வைப்பவர் அனுப்புபவர் அல்லர்; பெறுபவர். எதுவும் வராத நிலையிலேயே அவர் பத்து நொடிக்கு ஒருமுறை ‘ஏற்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்ட பிறகே முதல் துண்டு புறப்படும். இதனால் ‘ஆயத்தமா?’ என்று கேட்பதற்கென்று தனிக் குறி தேவைப்படவில்லை. சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம்.

கூட்டலில் உள்ள ஓட்டை

கூட்டலை நம்புவதில் ஓர் ஆபத்து உண்டு. மேற்சொன்ன 72, 101, 108 என்பது வழியில் பழுதுபட்டு 73, 100, 108 என்று வந்தால்? கூட்டுத்தொகை அதே 281. மீதி அதே 25. பிழை பிடிபடாமல் நுழைந்துவிடும். எண்களின் இடம் மாறினாலும் அப்படியே.

பள்ளியில் பெருக்கல் விடையை 9-ஆல் வகுத்து மீதியைப் பார்த்துச் சோதிக்கும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் முதிர்ந்த வடிவம் ஒன்று கணிப்பொறியாளர்களிடம் உண்டு. துண்டு முழுவதையும் ஒரு நீண்ட இரும எண்ணாகக் கருதி, குறிப்பிட்ட ஒரு வகு எண்ணால், கடன் வாங்குதல் இல்லாத ஒருவகை வகுத்தல் செய்து, மீதியை அனுப்புவது. இதனைச் சுழல் மீதிச் சோதனை எனலாம். இங்கே ஒவ்வொரு பிட்டின் இடமும் கணக்கில் சேர்கிறது. 16 பிட் மீதியைப் பயன்படுத்தினால், அடுத்தடுத்து 16 பிட்டுகளுக்குள் எந்த விதமாகக் குலைந்தாலும் கண்டுபிடித்துவிடும். தொலைபேசி இரைச்சல் ‘படபட’வென்று சேர்ந்தாற்போல் சில பிட்டுகளை அழிக்கும் இயல்புடையதாதலால் இது மிகப் பொருத்தமாக அமைந்தது.

எக்ஸ்மோடத்தில் இந்தச் சோதனை பின்னால் சேர்க்கப்பட்டது. அப்படியானால் பழைய நிரல் வைத்திருப்பவர்கள் கதி? இங்கேயும் ஓர் அழகிய ஏற்பாடு. புதிய நிரல் தொடக்கத்தில் ‘ஏற்கவில்லை’ என்பதற்குப் பதிலாக ‘சி’ என்ற ஆங்கில எழுத்தை அனுப்பும். மறுபக்கம் புதிய நிரலாயிருந்தால் புரிந்துகொண்டு சுழல் மீதியோடு அனுப்பும். பழையதாயிருந்தால் அதற்கு ஒன்றும் புரியாது, பேசாமல் இருக்கும். சில முறை பார்த்துவிட்டுப் புதிய நிரல் பழைய வழிக்கு இறங்கி வரும். பழையவரைப் புறந்தள்ளாமல் புதுமை செய்வது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எக்ஸ்மோடத்தின் மற்றொரு குறை காத்திருத்தல். ஒரு துண்டை அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை கம்பி சும்மா கிடக்கிறது. நகருக்குள் பேசும்போது இது பொருட்டல்ல. ஆனால் அழைப்பு செயற்கைக்கோள் வழியே சென்றால் போக ஏறத்தாழ கால் நொடி, பதில் வரக் கால் நொடி. நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒரு துண்டு 1.1 நொடியில் போகும். அதன்பின் அரை நொடி வீண். வேகம் 9600 ஆக உயர்ந்தால் துண்டு 0.14 நொடியிலேயே போய்விடும். அந்த அரை நொடியோ குறையாது! மோடம் விரைவாக ஆக ஆக, நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது. 1986-இல் சக் ஃபோர்ஸ்பெர்க் வகுத்த இசட்மோடம், பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே போய், பிழை என்று குரல் வந்தால் மட்டும் அந்த இடத்திற்குத் திரும்பியது. இணைப்பு நடுவில் அறுந்தால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடிந்தது.

தவளையின் பெயரால்

எக்ஸ்மோடத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடையிலுள்ள கருவிகள் எட்டு பிட்டுகளையும் கைவைக்காமல் கடத்தவேண்டும். சிறு கணிப்பொறிகளுக்குள் இது நடந்தது. பெருங் கணிப்பொறிகளிடம் நடக்கவில்லை. அவற்றில் சில, எட்டாவது பிட்டைத் தம் சொந்தச் சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்டன. சில குறிகளை ‘வேலையை நிறுத்து’, ‘திரையை ஓட்டாதே’ என்னும் கட்டளைகளாகப் புரிந்துகொண்டு விழுங்கிவிட்டன. கோப்பின் நடுவே தற்செயலாக அப்படி ஒரு பைட் வந்தால் இணைப்பே தொலைந்தது.

நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் இந்தச் சிக்கல் நேரடியாக முளைத்தது. மாணவர்களின் கோப்புகளை வைக்கப் பெரிய கணிப்பொறியில் இடம் போதவில்லை. சிறு கணிப்பொறி மூலம் நெகிழ் தட்டுகளில் எடுத்து அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணினர். இதற்காக ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் ஆகியோர் உருவாக்கிய நெறிமுறைக்கு, மப்பெட்ஸ் என்னும் பொம்மை நிகழ்ச்சியில் வரும் தவளையின் பெயரையே வைத்தார்கள்: கெர்மிட்.

கெர்மிட்டின் உத்தி பணிவானது. ‘எந்தப் பொறியும் அச்சிடத்தக்க எழுத்துக்களை மறுக்காது, ஆகவே எல்லாவற்றையும் அச்சிடத்தக்க எழுத்துக்களாகவே மாற்றி அனுப்புவோம்’ என்றது. ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரையுள்ளவை கட்டுப்பாட்டுக் குறிகள். அவற்றில் ஒன்றை அனுப்ப வேண்டுமானால் 64-ஐக் கூட்டி, முன்னால் # என்ற அடையாளத்தை வைக்கும். 1 என்ற குறி 65 ஆகும். அது ஆங்கில ‘ஏ’. ஆகவே # அடுத்து ‘ஏ’ என இரண்டு எழுத்தாகப் போகும். பெறுபவர் # கண்டவுடன் அடுத்த எழுத்திலிருந்து 64-ஐக் கழித்துக்கொள்வார்.

அப்படியானால் கோப்பிலேயே # இருந்தால்? அதை ## என்று இரட்டித்து அனுப்பவேண்டும்.

வாசகர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும். செய்தியும், செய்தியைப் பற்றிய கட்டளையும் ஒரே கம்பியில் போகின்றன. எது செய்தி, எது கட்டளை? இந்த ஒரு கேள்வியே இக்கட்டுரையில் வரும் நெறிமுறைகள் பலவற்றின் உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. தந்தியில் ‘நிறுத்தம்’ என்ற சொல்லை முற்றுப்புள்ளியாக வைத்துக்கொண்டால், ‘பேருந்து நிறுத்தம் அருகே வா’ என்று எப்படித் தந்தி அடிப்பது? அதே சங்கடம்தான்.

டென்னிஸ் ஹேய்ஸின் கம்பெனி 1981-இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் இதற்கு வேறொரு விடை கண்டது. இணைப்பில் இருக்கும்போது மோடத்திற்கே கட்டளையிட வேண்டுமானால் +++ என்று மூன்று கூட்டல் குறிகள் அனுப்பவேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருக்கவேண்டும். கோப்பு ஓடும்போது நடுவில் ஒரு நொடி இடைவெளி விழுவது அரிதாதலால் குழப்பம் நேராது. பொருள் குறியில் மட்டும் இல்லை, மௌனத்திலும் இருக்கிறது! இந்த மௌன உத்திக்கு ஹேய்ஸ் காப்புரிமை பெற்றிருந்தது. உரிமைக் கட்டணத்தைத் தவிர்க்க விரும்பிய சில தயாரிப்பாளர்கள் மௌனம் இல்லாமலே மோடங்களைச் செய்தனர். விளைவு 1990-களின் பிற்பகுதியில் தெரிந்தது: குறும்புக்காரர் ஒருவர், உங்கள் கணிப்பொறி திருப்பி அனுப்பும்படியான செய்திக்குள் +++ குறிகளையும் ‘இணைப்பைத் துண்டி’ என்ற கட்டளையையும் ஒளித்து அனுப்பினால், உங்கள் மோடம் தன் தொலைபேசியைத் தானே கீழே வைத்துவிடும்.

இணையம் கம்பியில் ஏறியது

இதுவரை சொன்னவை எல்லாம் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் நெறிமுறைகள். உங்கள் பொறி மறுமுனைக் கணிப்பொறியின் முனையமாக மட்டுமே இருந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோதும், ‘ஷெல்’ கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இதுவே நிலை. எழுத்து மட்டுமே திரையில் வரும். இணையத்திலிருந்து ஒரு கோப்பு வேண்டுமானால் முதலில் நிறுவனத்தின் கணிப்பொறிக்கு வரவழைத்து, பிறகு அங்கிருந்து இசட்மோடம் போன்ற ஒன்றின் மூலம் வீட்டுக்கு இறக்கவேண்டும். இரண்டு தவணை!

உங்கள் பொறியே இணையத்தின் உறுப்பாக வேண்டுமானால், இணையச் செய்திப் பொட்டலங்களை அப்படியே தொலைபேசிக் கம்பியில் ஏற்றவேண்டும். 1980-களில் இதற்காக வழக்கிற்கு வந்த ஸ்லிப் என்னும் நெறிமுறை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. பொட்டலத்தின் முடிவில் 192 என்ற பைட்டை வை. பொட்டலத்துக்குள்ளேயே 192 வந்தால் அதற்குப் பதில் 219, 220 என்று அனுப்பு. 219 வந்தால் 219, 221 என்று அனுப்பு. அவ்வளவே! கெர்மிட்டின் ## போன்ற அதே தந்திரம். 1988-இல் இதனை எழுத்தில் பதிவு செய்த ஜான் ராம்கி, ஆவணத்தின் தலைப்பிலேயே இது ‘தரமல்லாத ஒன்று’ என்று குறிப்பிட்டுவிட்டார். பிழை பார்த்தல் இல்லை. இணைய முகவரியைச் சொல்லும் வழி இல்லை. மனிதர் கையால் எண்களைப் பொருத்திக்கொள்ளவேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள். அந்த 1 பைட்டின் மேல் 40 பைட் முகவரிச் சுற்றுக்காகிதம்! 2400 பிட் மோடத்தில் அந்த 41 பைட் போக 0.17 நொடி ஆகும்; எதிரொலி திரும்ப அதே அளவு. தட்டிய எழுத்து திரையில் தோன்றுமுன் விரல் தயங்கும். வான் ஜேக்கப்சன் இதைக் கூர்ந்து நோக்கினார். ஒரே உரையாடலில் அடுத்தடுத்த பொட்டலங்களின் சுற்றுக்காகிதத்தில் பெரும்பகுதி மாறுவதே இல்லை. மாறியதை மட்டும் அனுப்பினால் என்ன? 1990-இல் அவர் வெளியிட்ட முறையில் 40 பைட் பெரும்பாலும் 3 முதல் 5 பைட்டாகச் சுருங்கிற்று.

ஸ்லிப்பின் குறைகளைத் தீர்க்க வந்தது பி.பி.பி. என்னும் நெறிமுறை. முதல் வடிவம் 1989-இல். நிலைபெற்ற வடிவம் 1994-இல். இதில் 126 என்ற பைட் எல்லைக்கல். ஒவ்வொரு பொட்டலத்திற்கும் சுழல் மீதிச் சோதனை உண்டு, பழுதுபட்டதை வீசிவிடும். மறுபடி கேட்கும் வேலையை மேலேயுள்ள இணைய நெறிமுறையிடம் விட்டுவிடும்.

மோடங்களின் கீச்சொலி அடங்கியதும் பி.பி.பி. நடத்தும் பேரம் சுவையானது. “பொட்டலத்தின் பெரும அளவு இவ்வளவு இருக்கட்டுமா?” “இவ்வளவு வேண்டாம், சற்றுக் குறை.” “அதைச் சுருக்கி அனுப்பட்டுமா?” “எனக்கு அது தெரியாது, விட்டுவிடு.” இருவரும் ஒத்துப்போகும் வரை கேட்பதும் மறுப்பதும் நடக்கும். இருபக்கமும் தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்து சொல்லிக்கொள்வதும் உண்டு. தான் சொன்ன எண்ணே திரும்பி வந்தால், கம்பி எங்கோ மடங்கித் தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பதாக ஊகிக்கலாம்!

அடுத்து, நீங்கள் யார் என்ற சோதனை. ரகசியச் சொல்லை வெளிப்படையாகச் சொல்வது ஒரு வழி. மற்றொரு வழியில், மறுபக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விடுகதை எண்ணை அனுப்பும். அதையும் ரகசியச் சொல்லையும் சேர்த்து அரைத்து வரும் விடையை மட்டும் உங்கள் பொறி அனுப்பும். ரகசியச் சொல் கம்பியில் போகவே போகாது. ஒட்டுக் கேட்டவர் கையில் அகப்படுவது அந்த ஒரு முறைக்கான விடை மட்டுமே. இதெல்லாம் முடிந்த பின் ‘இந்த அழைப்புக்கு உங்கள் முகவரி இது’ என்று எண் ஒன்று வழங்கப்படும். ஸ்லிப்பில் கையால் செய்தது இங்கே தானாக நடந்தது.

ஷெல் கணக்கு மட்டுமே உடையவர்களும் சும்மா இருக்கவில்லை. 1990-களின் நடுவில் ஸ்லர்ப் என்றொரு நிரல் பரவியது. அதை நிறுவனத்தின் கணிப்பொறியில் சாதாரணப் பயனராகவே ஓட்டலாம். அது வீட்டுப் பொறியிடம் ‘நான்தான் இணையம்’ என்று நடித்து, பொட்டலங்களை வாங்கித் தன் பெயரில் வெளியே அனுப்பி, விடையைக் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு கணிப்பொறிக்குள் வேறொரு கற்பனைக் கணிப்பொறியை ஓட்டிப் பார்க்கும் கியூஎமு என்னும் நிரலில் அதன் வழித்தோன்றல் இன்றும் வேலை செய்கிறது.

வார்ட் கிறிஸ்டென்சன் தம் நெறிமுறையை யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டிருந்தார். 2024 அக்டோபரில் காலமானார். இன்றும் சில வலைக் கருவிகளிலும் சிறு மின்பலகைகளிலும் உள்நிரல் அழிந்துபோனால், தொடர் கம்பி ஒன்றைச் செருகி எக்ஸ்மோடம் மூலமே புது நிரலை ஏற்றுகிறார்கள். 128 பைட், ‘ஏற்றேன்’. 128 பைட், ‘ஏற்றேன்’. பி.பி.பி.யோ 1999-இல் ஈதர்நெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அகலப்பட்டை இணைப்புக்காகப் பெயரும் ரகசியச் சொல்லும் பதித்து வைத்த பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணைப்பு வகை என்ற இடத்தில் அந்தப் பழைய மூன்றெழுத்து இருக்கக்கூடும்.